இருட்டிலும் வெளிறும் வண்ணப் படங்கள்

தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் துலக்கமாக இருக்க, 1980இல் எடுத்த கல்யாண ஆல்பம் பீரோவை விட்டு வெளியே வராமலேயே செங்காவி நிறமாகிவிட்டது ஏன் என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வெயில் படாத படம் வெளிறாது என்ற நம்பிக்கை பாதிதான் சரி.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவை உலோக வெள்ளித் துகள்கள். படத்தை நிலைநிறுத்தப் பயன்படும் ஹைப்போ என்ற வேதிப்பொருளின் எச்சம் போகக் கழுவியிருந்தால் நூறாண்டைத் தாண்டியும் நிற்கும். வண்ணப் பிரிண்டில் வெள்ளியை அகற்றிவிடுவார்கள். சயான் (பசுநீலம்), மெஜந்தா (கருஞ்சிவப்பு), மஞ்சள் என்ற மூன்று கரிமச் சாயங்களே மிஞ்சும். அக்காலத் தாள்களில் சயான் சாயம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் இருட்டிலேயே சிதைந்தது. சிவப்பொளியை உறிஞ்சுவது சயான்தான் என்பதால், அது குறையக் குறைய மணப்பெண்ணின் கருங்கூந்தலும் செம்பட்டையாகத் தெரிகிறது. அதே தாளை வெளிச்சத்தில் மாட்டியிருந்தால் மெஜந்தாவும் மஞ்சளும் முந்திக்கொண்டு வெளிறும்; கடைக் கண்ணாடியில் ஒட்டிய பழைய படங்கள் நீலம் பூப்பது அதனால்தான்.

ஒளியும் வெப்பமும் போதாதென்று காற்றும் எதிரியாகும் என்பதை உலகுக்குக் காட்டியது, நுண் மைத்துளிகளைத் தாளில் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட். 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனத்தின் ஸ்டைலஸ் போட்டோ 1270 பிரிண்டரில் எடுத்த படங்கள், பல ஆண்டுகள் ஒளியைத் தாங்கும் என்று சொல்லப்பட்டவை, சிலர் வீடுகளில் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறமாயின. குற்றவாளி, காற்றில் மிகச் சிறிதளவே உள்ள ஓசோன். மை உடனே உலர வேண்டும் என்பதற்காக அப்படங்களை அச்சிட்ட பளபளப்புத் தாளின் மேற்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை வைத்திருந்தார்கள். மை உலர்ந்த பிறகும் அத்துளைகள் மூடுவதில்லை. துளைச் சுவர்களில் தனித்தனி மூலக்கூறுகளாக ஒட்டியிருக்கும் சயான் சாயத்தை, உள்ளே புகும் ஓசோன் ஒவ்வொன்றாகத் தாக்கி, நிறத்துக்குக் காரணமான, அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்புகளை உடைக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் காற்றோட்டம் இல்லாததால் அங்கிருந்த படங்கள் தப்பின. சாயம்போல் கரையாமல் நுண்துகள்களாகவே இருக்கும் நிறமி மை தப்புவதற்குக் காரணம் இன்னும் அழகானது: அதன் ஒவ்வொரு துகளிலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால், வெளி அடுக்கு அழிந்தாலும் உள்ளிருப்பவை நிறம் காக்கின்றன.

ஆகவே படம் இத்தனை ஆண்டு நிற்கும் என்று தாள், மைப் பெட்டியில் அச்சிட்ட ஆண்டுக்கணக்கை அப்படியே நம்புவதற்கில்லை. நூறாண்டு காத்திருக்க முடியாததால், பலமான விளக்கொளியில் படத்தை விரைவாக வெளிறச் செய்து கணக்கிடுகிறார்கள். படங்களின் ஆயுளைச் சோதிக்கும் ஹென்றி வில்ஹெல்மின் அமெரிக்க ஆய்வகம் வீட்டு வெளிச்சத்தை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் 450 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று கொண்டது. கோடக் 120 லக்ஸ் என்று கொண்டது. இந்த ஒரு வேறுபாட்டாலேயே அதே படத்தின் ஆயுள் ஏறத்தாழ நான்கு மடங்காகக் கூடும்.

இச்சோதனைகள் கருதும் அறை வெப்பம் 24 டிகிரியை ஒட்டியது. ஐந்தாறு டிகிரி கூடினால் இருட்டில் வெளிறும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்னும்போது, சென்னை வீட்டுப் பீரோவுக்கு அந்த எண் எப்படிப் பொருந்தும்? நம் கடலோர ஈரத்திலும் வெக்கையிலும் தாள்களையும் மைகளையும் சோதித்து முடிவுகளைத் தமிழிலேயே வெளியிட அரசு நிதியில் ஓர் ஆய்வகம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விளக்குகள், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய அறை, ஓசோன் உண்டாக்கும் கருவி, நிற அடர்த்தி அளக்கும் மானி ஆகியவை இருந்தாலே வேலையைத் தொடங்கிவிடலாம்.