வயலின் இல்லாத வில்லியம் டெல்

வட இங்கிலாந்தின் பிராஸ் பேண்ட் ஒன்று ரோசினியின் ‘வில்லியம் டெல்’ ஓவர்ச்சரை, அதாவது அந்தப் பெயருள்ள ஓப்பராவின் (இசை நாடகத்தின்) தொடக்க இசையை, வாசிக்கும் காணொளியைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “மேடையில் வயலின் இல்லை, செல்லோ இல்லை, புல்லாங்குழல் இல்லை. எல்லாமே பித்தளைக் குழாய்கள். ஆனாலும் ஆரம்பத்தில் செல்லோ மாதிரியே கேட்கிறது, நடுவில் புயல் அடிக்கிறது. ஒரே வகைக் கருவிகளை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்கிறார்கள்?”

அருமையான கேள்வி. அந்த ‘ஒரே வகை’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும், காற்றுக்கு அவை ஒன்று இல்லை.

முதலில் மேடையில் யார் யார் என்று பார்த்துவிடலாம். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டில் ஊதுபவர்கள் பொதுவாக 25 பேர். ஈ ஃபிளாட் சொப்ரானோ கார்னெட் ஒன்று (கார்னெட் என்பது டிரம்பெட்டின் நெருங்கிய உறவு), பி ஃபிளாட் கார்னெட் ஒன்பது, ஃபிளூகல்ஹார்ன் ஒன்று, டெனர் ஹார்ன் மூன்று, பாரிடோன் இரண்டு, சிறிய டியூபா போலிருக்கும் யூஃபோனியம் இரண்டு, சறுக்குக் குழாயுள்ள டிராம்போன் மூன்று, அப்புறம் டியூபா குடும்பத்து பேஸ் கருவிகள் நான்கு. கூடவே தாள வாத்தியக்காரர்கள் இரண்டு மூன்று பேர். டிரம்பெட் கிடையாது, ஃபிரெஞ்சு ஹார்னும் கிடையாது.

இந்த அமைப்பு 1840களில் வேர்விட்டது. அடால்ஃப் சாக்ஸ் பாரிஸில் உருவாக்கிய சாக்ஸ்ஹார்ன் கருவிகளை டிஸ்டின் என்ற இசைக் குடும்பம் 1844இல் கண்டெடுத்து, பிரிட்டன் முழுக்க ஊர் ஊராக வாசித்துக் காட்டியது. நெசவாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் வேலை செய்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1853இல் மான்செஸ்டரின் பெல் வியூவில் பேண்ட் போட்டி தொடங்கியது. போட்டிகளில் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் ரோசினி, வெர்டி, வாக்னர் ஓப்பராக்களிலிருந்து எடுத்துத் தொகுத்த பகுதிகள்தாம். பிராஸ் பேண்டுக்கென்றே எழுதப்பட்ட பெரிய போட்டிப் படைப்பு 1913இல்தான் வந்தது, பெர்சி ஃபிளெட்சர் எழுதியது. அதாவது இந்தக் கலையின் முதல் அரை நூற்றாண்டு முழுவதும், பிற கருவிகளுக்கு எழுதிய இசையை பேண்டுக்கு மாற்றி எழுதும் அரேஞ்சர்களின் கையில் இருந்தது. ஓப்பரா அரங்கத்தின் வாசலையே மிதிக்காத ஒரு சுரங்கத் தொழிலாளி வெர்டியின் மெட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்தார் என்றால், அதற்குக் காரணம் அந்த அரேஞ்சர்கள். அவர்களுக்கு இசை வரலாற்றில் இன்னும் பெரிய இடம் தர வேண்டும் என்பது என் கட்சி.

சரி, வில்லியம் டெல்லுக்கு வருவோம். 1829ஆம் ஆண்டு ஓப்பராவின் ஓவர்ச்சர் இது. நான்கு பகுதிகள்: ஐந்து தனிச் செல்லோக்கள் பாடும் விடியல், பிறகு புயல், அதன்பின் கோர் ஆங்லே என்ற மரக்குழலும் புல்லாங்குழலும் மாறி மாறிப் பேசும் மேய்ச்சல் காட்சி, கடைசியாக எல்லோருக்கும் தெரிந்த குதிரைப் பாய்ச்சல்.

அரேஞ்சர் முதலில் தொடுவது சுருதியை. பாய்ச்சல் பகுதி ஈ மேஜரில் இருக்கிறது. வயலினுக்கு அது வசதியான சுருதி. கார்னெட்டோ பி ஃபிளாட் கருவி, அதாவது எழுதியதைவிட ஒரு முழு சுரம் கீழே ஒலிப்பது. அதற்கு எல்லாவற்றையும் ஒரு முழு சுரம் மேலே எழுத வேண்டும். அப்போது ஈ மேஜர் எஃப் ஷார்ப் மேஜராகி ஆறு ஷார்ப் (சுரத்தை அரைச்சுரம் உயர்த்தும் குறி) வந்து நிற்கும். ஈ ஃபிளாட் டெனர் ஹார்னுக்கு ஏழு ஷார்ப். மொத்த இசையையும் ஒரே ஓர் அரைச்சுரம் இறக்கி ஈ ஃபிளாட் மேஜருக்குக் கொண்டுவந்தால், கார்னெட்டுக்கு ஒரே ஒரு ஃபிளாட் (அரைச்சுரம் தாழ்த்தும் குறி), ஹார்னுக்கு ஒன்றுமே இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது. வாசிப்பவர் விரல்களுக்கோ பெரிய விடுதலை.

விரல் மட்டுமல்ல, சுருதிச் சுத்தமும் இதில் அடங்கியிருக்கிறது. வால்வை அழுத்தினால் காற்றின் பாதையில் கூடுதல் குழாய் சேரும்: முதல் வால்வு ஒரு முழு சுரம் இறக்கும், இரண்டாவது அரைச்சுரம், மூன்றாவது ஒன்றரை. அதற்காக அவை குழாயோடு சேர்க்கும் நீளம் முறையே சுமார் 12, 6, 19 விழுக்காடு. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 37 விழுக்காடு கூடும். ஆனால் மூன்று முழு சுரம் இறங்க 41 விழுக்காடு வேண்டும். குழாய் குட்டையாகிவிடுவதால் சுருதி ஏறக்குறைய கால்சுரம் ஏறி நிற்கும். 1874இல் டேவிட் பிளெய்க்லி கண்டுபிடித்த ஈடுசெய்யும் வால்வு இதை யூஃபோனியத்திலும் டியூபாவிலும் சரிக்கட்டுகிறது. கார்னெட்காரர் விரலால் சிறு குழாயை நீட்டிச் சமாளிக்கிறார். மூன்று வால்வும் அடிக்கடி சேராத சுருதியைத் தேர்ந்தெடுப்பது அரேஞ்சரின் பங்கு.

இன்னொரு சிக்கல் மூச்சு. வயலின் வில்லுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. மனிதருக்கு வேண்டும். அதனால் ஒரே நீண்ட சுரத்தை இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்து, ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்றவர் தாங்கும்படி எழுதுவார்கள்.

இனி செல்லோ. ஐந்து செல்லோவின் வரிகளை யூஃபோனியத்துக்கும் பாரிடோனுக்கும் டெனர் ஹார்னுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். டிராம்போனுக்குக் கொடுக்கக் கூடாது. ஏன்? டிராம்போனுக்கும் அதே வீச்சு இருக்கிறதே! பி ஃபிளாட் டிராம்போனின் குழாயும் யூஃபோனியத்தின் குழாயும் ஒரே நீளம், சுமார் 2.7 மீட்டர். ஒரே உலோகம், ஒத்த ஊதுவாய், ஒரே சுரங்கள். மெதுவாக ஊதினால் இரண்டின் நாதமும் ஓரளவு கிட்டத்தில்தான் இருக்கும். ஆனால் ஒலியைக் கூட்டிக்கொண்டே போங்கள்: யூஃபோனியம் பெரிதாகிறது, உருண்டையாகவே இருக்கிறது, டிராம்போன் ஒரு கட்டத்தில் உலோகம் கிழிவதைப்போல் சீற ஆரம்பிக்கிறது. இந்த ஒரு நிகழ்வு என்னை இன்னும் வியக்கவைக்கிறது.

ஒலியின் வேகம் சாதாரணக் காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், சத்தம் பெரிதானாலும் சிறிதானாலும் அதே வேகம் என்று பள்ளியில் படித்திருப்போம். சிறிய ஒலிகளுக்கு அது உண்மை. நாம் பேசும் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் காற்றழுத்தத்தை 0.02 பாஸ்கல் அளவுக்குத்தான் அசைக்கிறது. உச்சத்தில் ஊதும் டிராம்போனின் ஊதுவாய்க்குள் அந்த அசைவு பல ஆயிரம் பாஸ்கல். வளிமண்டல அழுத்தமே சுமார் ஒரு லட்சம் பாஸ்கல்தான் என்பதை நினைத்தால், குழாய்க்குள் காற்று என்ன பாடு படுகிறது என்பது புரியும்.

அந்த நிலையில் பழைய விதி நெளியத் தொடங்குகிறது. அலையின் முகட்டில் காற்று நெருக்கப்பட்டிருப்பதால் சற்றுச் சூடாகிறது. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். அதைவிட முக்கியமாக, முகட்டில் உள்ள காற்றே முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது, அலையையும் தூக்கிக்கொண்டு. பள்ளத்தில் இரண்டும் தலைகீழ். ஆக முகடு வேகமாகவும் பள்ளம் மெதுவாகவும் ஓடுகின்றன. முகடு தனக்கு முன்னால் போகும் பள்ளத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. கரைக்கு வரும் கடலலை முன்பக்கம் செங்குத்தாகி நிற்பது போல, ஒலியலையின் முன்பக்கமும் நிமிர்கிறது. போதிய நீளம் கிடைத்தால் அது அதிர்ச்சி அலையாகவே மாறிவிடும். மீயொலி விமானம் உண்டாக்கும் அதே வகை அலை, ஓர் இசைக்கருவிக்குள்.

அலை செங்குத்தானால் காதுக்கு என்ன? வழவழப்பான அலையில் அடிப்படைச் சுரமும், அதன் மடங்கு அதிர்வெண்களில் கூடவே ஒலிக்கும் சில மேற்சுரங்களும் மட்டும் இருக்கும். கூர்மையான விளிம்பை உண்டாக்க வேண்டுமானால் உயர் மேற்சுரங்கள் ஏராளமாக வேண்டும். விளிம்பு கூர்மையாகும்போது அவை பிறந்தாக வேண்டும். அந்தச் சீற்றம் அவைதான்.

சரி, யூஃபோனியத்தில் ஏன் இது நடப்பதில்லை? டிராம்போனின் சறுக்குக் குழாய் ஒன்றுக்குள் ஒன்று நழுவ வேண்டும். அதற்கு அது ஒரே விட்டமுள்ள உருளையாக இருந்தே தீர வேண்டும். விட்டம் சுமார் 14 மில்லிமீட்டர். அலை தன் பாதையில் பாதிக்கு மேல் இந்த ஒடுங்கிய பாதையிலேயே ஓடுகிறது. அதன் வலிமை குறைய இடமே இல்லை. யூஃபோனியமோ கூம்பு. வால்வு தாண்டியதுமே விரியத் தொடங்கி, சுமார் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வெளிமுனையில் போய் முடிகிறது. குழாய் விரிய விரிய அலையின் அழுத்தம் பரவித் தளர்கிறது. முகடு பள்ளத்தை எட்டுவதற்குள் பந்தயமே முடிந்துவிடுகிறது. டெனர் ஹார்ன், ஃபிளூகல்ஹார்ன், டியூபா எல்லாம் இந்தக் கூம்புக் கட்சி. பேண்டில் டிரம்பெட்டின் இடத்தில் கார்னெட் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்: டிரம்பெட்டைவிட அதில் கூம்புப் பங்கு அதிகம்.

டிராம்போனுக்குள் அதிர்ச்சி அலை உண்டாவதை நெதர்லாந்தின் அவ்ரகாம் ஹிர்ஷ்பெர்க்கும் உடன் ஆய்ந்தவர்களும் 1996இல் அளந்து காட்டினார்கள். பிறகு எடின்பரோவின் மர்ரி கேம்பல், ஆர்னல்ட் மையர்ஸ், பிரான்ஸின் ஜோயல் கில்பர்ட் ஆகியோர் ஒரு கருவியின் உள்வடிவத்தை மட்டும் வைத்தே அது எவ்வளவு சீறும் என்று கணக்கிடும் வழியைக் கொடுத்தார்கள்.

டிராம்போனை அளக்கவா ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஜப்பானின் அதிவேக ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது கிளம்பும் அழுத்த அலை, நீண்ட பாதையில் இதேபோல் செங்குத்தாகி, மறுமுனையில் வெடியோசையாக வெளிவருகிறது. 500 வரிசை ரயிலுக்கு 15 மீட்டர் மூக்கு வைத்ததில் அந்த ஓசையை அடக்குவதும் ஒரு நோக்கம். ஒரே கணிதம். மிருதங்கத்தின் மேற்சுரங்களை உட்கார்ந்து ஆராய்ந்த சி.வி. ராமன் பிறந்த நாட்டில் இசைக்கருவி இயற்பியலுக்குத் தாராளமாகவே பணம் ஒதுக்கலாம். நாதஸ்வரத்தின் கூம்பு அதற்காகக் காத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்க முலாம் பூசினால் நாதம் இனிக்கும், பழைய பித்தளைதான் பாடும் என்பவையெல்லாம் வாசிப்பவர்களிடையே உறுதியாக நிலவும் நம்பிக்கைகள். நாதத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் காற்றுத் தம்பத்தின் வடிவத்துக்கு. உலோகத்தின் பங்கு அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. பிளாஸ்டிக்கில் செய்த டிராம்போனும் டிராம்போனாகவே ஒலிக்கிறது.

இப்போது அரேஞ்சரின் மேசைக்குத் திரும்பினால் அவர் முடிவுகள் எளிதில் விளங்கும். விடியலுக்குக் கூம்புக் கருவிகள். அதில் டிராம்போன்களைச் சும்மா உட்கார வைப்பார். புயல் உச்சத்துக்கு வரும்போது ரோசினியே டிராம்போன்களைத்தான் அலறவிட்டிருக்கிறார். அதுவரை கேட்காத சீற்றம் திடீரென்று வெளிப்பட்டால்தான் புயல் புயலாக இருக்கும். வயலின்களின் சுழற்சியைக் கார்னெட்டும் யூஃபோனியமும் வாங்கிக்கொள்ளும். வால்வுக்கு அரைச்சுர ஓட்டம் சுலபம். மேய்ச்சல் காட்சியில் கோர் ஆங்லேயின் வரி ஃபிளூகல்ஹார்னுக்கு. புல்லாங்குழலின் கொத்துச் சுரங்கள் சொப்ரானோ கார்னெட்டுக்கு, மெல்ல. பாய்ச்சலில் கார்னெட்காரர்கள் நாக்கு நுனியையும் பின்நாக்கையும் மாற்றி மாற்றி ‘து-கு, து-கு’ என்று வெட்டுவார்கள். வயலின் மிக உயரத்துக்கு ஏறும் இடங்களில் மட்டும் சொப்ரானோ ஒருவரே தனியாக நிற்க வேண்டிவரும். நல்ல அரேஞ்சர் அங்கே ஒரு ஸ்தாயி இறக்கிவிடுவார். அவரை மூச்சு முட்ட விட்டுவிட்டுக் கைதட்டல் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

சினிமா, பாப் பாடல்களுக்கும் இதே சூட்சுமம்தான். பிரைட்ஹவுஸ் அண்ட் ராஸ்ட்ரிக் பேண்ட், டெரக் பிராட்பெண்ட் அரேஞ்ச் செய்த ‘தி ஃபுளோரல் டான்ஸ்’ என்ற பழைய பாட்டை வாசித்து 1977இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. பாடகரின் குரல் வரிக்கு யூஃபோனியம் பொருந்தும். ராக் பாடலின் கரகரக்கும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு யார்? அந்தக் கரகரப்பு, ஆம்ப்ளிஃபையர் அலையின் முகட்டை வெட்டித் தட்டையாக்குவதால் பிறக்கும் உயர் மேற்சுரங்கள். உரக்க ஊதிய டிராம்போன் அதே மேற்சுரங்களைக் காற்றிலேயே தயாரிக்கிறது. மூன்று டிராம்போன்களுக்கு அந்த வரியைக் கொடுத்து, ஒலியை உச்சத்தில் குறித்துவிட்டால் போதும்.

பேஸ் கிட்டார்தான் கடினம். கம்பியைத் தட்டிய கணமே அது பேசிவிடும். பி ஃபிளாட் பேஸ் டியூபாவின் குழாய் 5.5 மீட்டர், உதட்டில் கிளம்பிய அலை குழாயின் அகன்ற வெளிமுனை வரை போய்த் திரும்ப 32 மில்லி நொடி ஆகிறது. அந்த எதிரொலி வந்து உதட்டைத் தாங்கும் வரை சுரம் உறுதிப்படாது. அதனால் துள்ளும் தாளத்தைச் சிறிய ஈ ஃபிளாட் பேஸுக்குக் குறுகிய சுரங்களாகக் கொடுத்து, பெரியதை நீண்ட சுரங்களில் நிறுத்துவார்கள். கூடவே பேஸ் டிரம் அடியையும் அதே இடத்தில் வைப்பார்கள். அடி முதலில் காதில் விழும், டியூபா பின்னாலேயே வந்து அதற்குச் சுருதி சேர்க்கும்.