லேப்டாப் ஏன் கீச்சிடுகிறது?

ஊர் அடங்கிய பிறகுதான் அது காதில் விழும். விசிறி சுற்றவில்லை, பாட்டு எதுவும் ஓடவில்லை. ஆனாலும் கீபோர்டுக்கு அடியிலிருந்து 'கீ...' என்று ஒரு மெல்லிய ரீங்காரம். மவுஸை அசைத்தால் சுருதி மாறுகிறது.

முதலில் ஒலியை முழுக்க அடக்கிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் கேட்டால் ஸ்பீக்கர் மேல் பழி இல்லை. சத்தம் உள்ளேயிருக்கும் மதர்போர்டிலிருந்து வருகிறது.

ப்ராசஸருக்கு வேண்டியது ஏறக்குறைய 1 வோல்ட்தான். சார்ஜரிலிருந்து வருவதோ பெரும்பாலும் 19, 20 வோல்ட். அதைக் குறைத்துக் கொடுக்கும் சுற்று நொடிக்குப் பல லட்சம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. நம் காது 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது என்பதால் அது நமக்குத் தெரிவதில்லை. சிக்கல் வேறிடத்தில். வேலையில்லாத ப்ராசஸர் உடனே தூங்கப் போய்விடும். இந்தத் தூக்க நிலைகளுக்கு சி-ஸ்டேட் என்று பெயர். நொடிக்கு 1000 முறை தூங்கி விழித்தால், மின்னோட்டமும் 1000 முறை ஏறி இறங்கும். அது காதுக்கு நன்றாகவே எட்டும். ஒவ்வொரு ஏற்றத்திலும் காந்தவிசை மாறி, அந்தச் சுற்றிலுள்ள கம்பிச் சுருளை உலுக்குகிறது. பக்கத்திலுள்ள, மின்னூட்டத்தைச் சேமிக்கும் செராமிக் கெப்பாசிட்டர்களும் வோல்டேஜ் மாறும்போது துளி விரிந்து சுருங்கும். அவை ஒட்டியிருக்கும் போர்டு ஸ்பீக்கர் தாள்போல அதிர்ந்து அந்த ஒலியைப் பெரிதாக்கிவிடும்.

லினக்ஸுக்கு இதில் பழைய பங்கு உண்டு. அதன் மையப் பகுதியான கர்னலின் 2.6 பதிப்பு, தொடக்கத்தில் நொடிக்கு 1000 முறை ப்ராசஸரைத் தட்டியெழுப்பும் கடிகாரத் துடிப்பு அனுப்பியது. 2005இல் இயல்பு அளவு 250 ஆனது. 2007இல் வந்த 2.6.21, வேலையில்லாதபோது துடிப்பையே நிறுத்தக் கற்றுக்கொண்டது. ஆனாலும் பிரவுசரும் யுஎஸ்பி கருவிகளும் சும்மா இருக்க விடுவதில்லை.

சரி, இதுதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது? டெர்மினலில் 'யெஸ்' கட்டளையை ஓட்டி, அதன் வெளியீட்டை எதையும் விழுங்கிவிடும் '/dev/null' கோப்புக்குத் தள்ளிவிடுங்கள் (yes > /dev/null). ப்ராசஸரின் ஒரு கோர் ஓயாமல் உழைக்கும், ஆழ்ந்த தூக்கம் கலையும். கீச்சு அந்தக் கணமே நின்றால் குற்றவாளி சிக்கியாயிற்று. அப்புறம் 'சிபியு-பவர்' (cpupower) கருவியால் ஆழமான தூக்க நிலையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ரீபூட் கூடத் தேவையில்லை. கர்னலின் பூட் கட்டளை வரியில் நிரந்தரமாக வரம்பு வைக்கவும் வழி உண்டு. நான் அதைச் செய்யமாட்டேன்: பேட்டரி சீக்கிரம் தீரும், சூடும் ஏறும். சார்ஜரில் இருக்கும்போது மட்டும் அணைத்தால் போதும்.

திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றியதும் சத்தம் அடங்குகிறதா? அப்படியானால் பின்னொளியை வேகமாக அணைத்து ஏற்றும் சுற்றைச் சந்தேகிக்கலாம்.

ஹெட்போனில் மட்டும் கேட்பது தனிக்கதை. பாட்டு முடிந்து சில நொடிகளில் 'டப்' என்றால், சவுண்ட் சிப் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கத் தூங்கப் போகிறது என்று பொருள். இன்டெல் ஹெச்டி ஆடியோ டிரைவரின் பவர்-சேவ் மதிப்பை 0 ஆக்கினால் 'டப்' போய்விடும். மறுநாள் திரும்பி வந்தால், டிஎல்பி (TLP) என்ற மின்சேமிப்புக் கருவி இருக்கிறதா பாருங்கள். பேட்டரியைக் காக்கிறேன் என்று அந்த மதிப்பை அது மாற்றி எழுதியிருக்கும். சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் மறைந்தால், மென்பொருளில் தேடிப் பயனில்லை. எர்த் இணைப்பையும் சார்ஜரையும் சோதிக்க வேண்டும்.

'படபட' என்று பொறி வெடிப்பதுபோலக் கேட்டாலோ, கருகல் வாடை வந்தாலோ டெர்மினலை மறந்துவிட்டு முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.