பெயர்ப் பட்டியலுக்குள் ஒரு கட்டளை

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்துவிட்டால் சிங்கப்பூரின் சமூக மன்றங்களிலும் தமிழ் அமைப்புகளிலும் எக்செல் கோப்புகளுக்கு ஓய்வே இருக்காது. பேச்சுப் போட்டியில் யார் சேர்கிறார்கள், யாருக்குச் சைவச் சாப்பாடு, பெற்றோரின் கைப்பேசி எண் என்ன, எல்லாம் கட்டங்களுக்குள்தான். இணையப் படிவத்தில் சேர்ந்த பதில்களைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கி, எக்செலில் திறந்து, தொண்டூழியர்கள் வேலையைத் தொடங்குவார்கள்.

அப்போது ஒன்றைக் கவனிக்கலாம். யாராவது +65 என்று தொடங்கி, அடுத்து ஒரு சிறு கோடு போட்டுத் தம் எண்ணை எழுதியிருந்தால், அந்தக் கட்டத்தில் கைப்பேசி எண் இருக்காது. 65இலிருந்து அந்த எட்டு இலக்க எண்ணைக் கழித்து வந்த விடை இருக்கும். பலரும் அதைத் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் விரிதாள் மென்பொருளின் அடிப்படைப் பலவீனம் இங்கேயே தெரிகிறது: முன்பின் தெரியாத ஒருவர் படிவத்தில் எழுதியதை, உங்கள் கணினி கட்டளையாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றியிருக்கிறது.

சிஎஸ்வி என்பது காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்து. எது பெயர், எது ஃபார்முலா (எக்செல் கணக்கிட்டு நிறைவேற்றும் கட்டளை) என்று குறித்துவைக்க அதில் வழியே இல்லை. கட்டத்தின் முதல் குறியைப் பார்த்து எக்செல்தான் முடிவு செய்கிறது. =, +, -, @ ஆகிய நான்கும் ஃபார்முலாவைத் தொடங்கிவைக்கும். இவற்றில் @ குறி, 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளின் எச்சம். அதன் வாடிக்கையாளர்களுக்காக ஏற்றுக்கொண்ட வழக்கத்தை எக்செல் இன்னும் விடவில்லை.

சரி, இதை வைத்து என்ன செய்ய முடியும்? பெயர் கேட்கும் இடத்தில் ஒருவர் = குறி போட்டு ‘ஹைப்பர்லிங்க்’ ஃபார்முலாவை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது கட்டத்தில் ஓர் இணைப்பை உருவாக்கும். மற்றக் கட்டங்களில் இருப்பதையெல்லாம் அந்த இணைப்பின் முகவரியோடு ஒட்டவைக்கவும் முடியும். எந்தப் பத்தியில் (நெடுவரிசையில்) என்ன இருக்கும் என்று அவர் எளிதில் ஊகித்துவிடுவார். படிவத்தின் கேள்விகளை அவரும்தான் பார்த்தாரே. திரையில் ‘முழு விவரம் காண்க’ என்று மட்டும் தெரியும். தொண்டூழியர் அதைச் சொடுக்கினால், வேறு பிள்ளைகளின் பெயரும் எண்ணும் முகவரியின் வாலில் ஏறி அந்நியரின் சர்வருக்குப் போய்ச் சேரும். கோப்பில் வைரஸ் எதுவும் இல்லாததால், வைரஸ் தேடும் மென்பொருளுக்குப் பிடிபட அங்கே ஒன்றும் இருக்காது.

இதைவிட மோசமான வழியும் இருந்தது. நிரல்கள் ஒன்றோடொன்று தரவைப் பரிமாறிக்கொள்ள 1987இல் வந்த டிடிஇ என்ற ஏற்பாட்டின் மூலம், ஒரு கட்டத்திலிருந்தே கணினியின் வேறொரு நிரலை இயக்க முடிந்தது. எச்சரிக்கைப் பெட்டி வரும். ‘ஆம்’ என்று அழுத்தினால் போதும். இப்போதைய எக்செல் இதை இயல்பாகவே அடைத்துவைக்கிறது.

படிவத்தை உருவாக்குபவர்கள், இந்த நான்கு குறிகளில் தொடங்கும் பதிலுக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறியைச் சேர்த்துவிட்டால் எக்செல் அதை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். கோப்பைப் பெறுபவர்கள் இருமுறை சொடுக்கித் திறக்காமல், ‘டேட்டா’ பட்டியலின் வழியாக உள்ளே கொண்டுவந்து, எல்லாப் பத்திகளையும் ‘டெக்ஸ்ட்’ வகையாகத் தேர்ந்தெடுக்கலாம். +65 எண்களும் சிதையாமல் வரும்.

தரவு கட்டளையாக மாறும் இந்தக் கோளாறு ஃபார்முலாவோடு நிற்பதில்லை. ஆஃபீஸ் தொகுப்பில் கணிதச் சமன்பாடு எழுத ஒரு சிறு கருவி இருந்தது. 2000ஆம் ஆண்டில் உருவான அதன் நிரல், எழுத்துருவின் பெயரை நினைவகத்தில் ஒரு சிறிய இடத்தில் எழுதும். பெயர் எவ்வளவு நீளம் என்று பார்க்காது. வேண்டுமென்றே நீளமான பெயர் கொடுத்தால் அது எல்லை தாண்டி வழிந்து, நிரல் அடுத்து எங்கே போகவேண்டும் என்ற குறிப்பையே மாற்றி எழுதிவிடும். கோப்பைத் திறந்தாலே போதும். 2017 நவம்பரில்தான் இதற்குத் திருத்தம் வந்தது. 2018 ஜனவரியில் கருவியையே எடுத்துவிட்டார்கள்.

அப்புறம், மேக்ரோ. கோப்புக்குள்ளேயே இருக்கும் முழு நிரல் அது. 1996இல் ‘லாரூ’ என்ற வைரஸ் எக்செல் மேக்ரோவில் பரவியது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்க மைக்ரோசாஃப்ட் 2022 வரை காலம் எடுத்துக்கொண்டது. இவ்வளவு காலம் பொறுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பில், விலைப்பட்டியல் என்ற பெயரில் வந்த எத்தனையோ கோப்புகள், மேக்ரோவை இயக்க அனுமதி கேட்கும் மஞ்சள் பட்டையில் ஒரே ஒரு அழுத்தலை நம்பித்தான் அனுப்பப்பட்டன.

இந்தத் தடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இணையத்திலிருந்து கோப்பை இறக்கும்போது, ‘இது வெளியிலிருந்து வந்தது’ என்ற அடையாளத்தை விண்டோஸ் கோப்போடு சேர்த்துவைக்கும். எக்செல் அதைப் பார்த்துத்தான் மேக்ரோவைத் தடுக்கிறது. ஆனால் அந்த அடையாளம் இருப்பது கோப்புக்கு உள்ளே அல்ல, என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளைச் சேமிக்கும் முறை) வட்டின் ஒரு பக்கப் பதிவில். தம்ப்டிரைவ்கள் பெரும்பாலும் வேறு வடிவில் இருப்பதால், அதில் நகலெடுத்து அடுத்தவரிடம் கொடுத்தால் அடையாளம் தொலைந்துவிடும். அவருடைய கணினிக்கு அது உள்ளூர்க் கோப்பாகவே தெரியும்.