பொந்தியானாக்: சொல்லும் பொருளும், தமிழில் அதற்கு நிகரும்

பொந்தியானாக் ஒரு மலாய்ப் பெயர்ச்சொல். பிள்ளைப்பேற்றின்போது இறந்துபோன பெண், இரத்தம் குடிக்கும் பேயாகத் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கையில் உருவான பேயின் பெயர் அது. வெள்ளை உடை, அவிழ்ந்த கூந்தல், வாழைமரம், திடீரென்று வீசும் பூ மணம் ஆகியவை அவளுடைய அடையாளங்கள். சொல்லின் கடைசியில் வரும் 'க்' மலாய்க்காரர் பேச்சில் தொண்டையோடு நின்றுவிடும். அதனால்தான் சிங்கப்பூர்த் தமிழர் பலர் 'பொந்தியானா' என்று சொல்கிறோம். 'டத்துக்' என்ற மலாய்ப் பட்டத்தை 'டத்தோ' என்று எழுதும்போதும் இதே கதைதான். எழுத்தில் 'பொந்தியானாக்' என்பதே மூலத்துக்கு நெருக்கம்.

இந்தச் சொல்லின் பிறப்பு பற்றிப் பலரும் சொல்லும் விளக்கம் இது: 'பெரம்புவான்' என்றால் பெண், 'மாத்தி' என்றால் இறந்த, 'பெரானாக்' என்றால் பிள்ளை பெறுதல். மூன்றும் தேய்ந்து ஒன்றாகி 'பொந்தியானாக்' ஆனது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய பதிவு வேறு மாதிரி இருக்கிறது. மலாய் மாந்திரீகத்தைப் பற்றி ஆங்கிலேய மானிடவியலாளர் வால்ட்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட நூலில், பேற்றில் இறந்த தாயின் பேய்க்குப் பெயர் 'லங்சுயர்'. அவளுக்கு இறந்தே பிறந்த குழந்தைதான் பொந்தியானாக்; 'மாத்தி ஆனாக்' என்றும் அதைக் குறிப்பிடுகிறார். பிலிப்பீன்ஸில் 'தியானாக்' என்பது இன்றைக்கும் குழந்தைப் பேய்தான். ஆக, குழந்தையின் பெயர் பின்னாளில் தாய்க்கு ஏறிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு அழகான பெண்ணின் முகம் கண்முன் வருகிறது என்றால், அதற்கு நம் ஊர்க் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1957இல் கேத்தே கெரிஸ் நிறுவனம் சிங்கப்பூரில் எடுத்த 'பொந்தியானாக்' படத்தில் நடித்தவர் மரியா மெனாடோ. கூனல் முதுகும் அவலட்சணமான முகமுமாக வளர்ந்த பெண் மந்திர மருந்தால் அழகியாகிறாள். ஒரே நிபந்தனை, இரத்தம் அவள் வாயில் படக்கூடாது. கணவனைப் பாம்பு கடிக்கிறது. அவனைக் காப்பாற்றத் தன் வாயாலேயே விஷத்தை உறிஞ்சுகிறாள். அங்கே ஆரம்பிக்கிறது எல்லாம். அன்பினால் ஒருத்தி பேயாகிறாள் என்ற அந்த ஒரு திருப்பத்துக்காகவே இந்தக் கதை எனக்கு உயர்வாகப் படுகிறது.

படத்தை இயக்கியவர் பி. என். ராவ். பெயரைப் பார்த்ததும் தமிழ்ப்பட ரசிகர்களுக்குப் பொறி தட்டும். 1941இல் வந்த 'மதனகாமராஜன்', 1945இல் வந்த 'சாலிவாகனன்' ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியவரும் இவரே. படம் பெரிய வெற்றி. அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', 1958இல் 'சும்பா பொந்தியானாக்' என்று அடுத்தடுத்து வந்தன. போட்டி நிறுவனமான ஷாவும் சும்மா இருக்கவில்லை. 1958இல் 'ஆனாக் பொந்தியானாக்' வந்தது. வருத்தம் என்னவென்றால், ராவின் முதல் இரண்டு படங்களின் பிரதிகள் இன்று கிடைப்பதில்லை. பழைய பேய்ப் படங்களைத் தேடிப் பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வரிசையில் மிஞ்சியிருப்பது மூன்றாவதான 'சும்பா பொந்தியானாக்'தான்.

பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அடித்தால் அவள் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள், பிடுங்கினால் மறுபடி பேயாவாள் என்பது வழக்கு. ஸ்கீட் எழுதியதில் ஆணி இல்லை. லங்சுயரைப் பிடித்து, நீண்ட நகத்தையும் கூந்தலையும் வெட்டி, அவள் கழுத்தில் உள்ள ஓட்டையில் திணித்தால் அடங்குவாள் என்கிறார். இறந்த பெண் லங்சுயராக மாறாமல் இருக்க வாயில் கண்ணாடி மணிகள், இரண்டு அக்குளிலும் கோழிமுட்டை, உள்ளங்கைகளில் ஊசி வைப்பார்களாம். கையை அசைத்துப் பறக்க முடியாதபடி அந்த முட்டை! ஆணி நமக்கும் புதிதில்லை. பேய் பிடித்தவரின் உச்சிமயிரைப் புளியமரத்தில் வைத்து ஆணி அறைவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் தெரிந்த வழக்கம்தானே.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் 'மோகினி' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மோகினி மயக்குபவள், அவளுக்குப் பின்னால் பிள்ளைப்பேறும் இல்லை, அந்தத் துயரமும் இல்லை. 'அலகை' குறளிலேயே இருக்கும் நல்ல சொல், ஆனால் எல்லாப் பேய்க்கும் பொது. சிலப்பதிகாரத்தில் இறந்த குழந்தையை வாங்கி மடியில் இட்டுக்கொள்ளும் 'இடாகினிப் பேய்' பிணம் தின்பவள், குழந்தை பெற்றவள் அல்லள். கொஞ்சம் நெருங்கி வருபவள் பழையனூர் நீலி. கணவனால் கொல்லப்பட்டு, கள்ளிக்கொம்பைக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் சுமந்து வந்தவள். 'நீலிக்கண்ணீர்' என்று நாம் தினமும் சொல்வது அவள் வடித்த கண்ணீரைத்தான். ஆனாலும் நீலி ஒருத்தியின் பெயர். ஓர் இனத்துக்கு ஆகாது.

கர்ப்பத்தோடு இறந்த பெண்ணுக்காகச் சுமைதாங்கிக் கல் நட்ட சமூகம் நம்முடையது. வழிப்போக்கர் அதன்மேல் சுமையை இறக்கி வைத்தால், இறக்காமல் போன அவளுடைய சுமையும் இறங்கும் என்று நம்பினார்கள். அந்தப் பெண்ணைக் குறிக்க 'சூல்' என்ற சொல்லைவிடப் பொருத்தமானது கிடையாது. அதனால் பொருள் விளக்கும் இடங்களில் 'சூற்பேய்' என்று எழுதலாம். 'சூலிப்பேய்' வேண்டாம், சூலி என்றால் துர்க்கையும் நினைவுக்கு வருவாள்.

கதைப்பாத்திரத்தையும் படத்தையும் சொல்லும்போது 'பொந்தியானாக்' என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். படத் தலைப்புகளுக்கு விளக்கம் தருவதானால், 'டெண்டாம்' என்பது வஞ்சம், 'ஆனாக்' பிள்ளை. 'சும்பா'வுக்குச் சபதம், சாபம் என இரண்டு பொருளும் உண்டு. கதைக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், போர்னியோவில் இதே பெயரில் 1771இல் நிறுவப்பட்ட ஊர் ஒன்று இருக்கிறது. பீரங்கி சுட்டுப் பேய்களை விரட்டிவிட்டுத்தான் அங்கே குடியேறினார்கள் என்று கதை. அதை எழுதும்போது 'பொந்தியானாக் நகரம்' என்று சேர்த்து எழுதினால் குழப்பம் இருக்காது.