மாசு தவிர்ப்பு: ‘பொலியூஷன் பிரிவென்ஷன்’ என்பதற்கு எது சரியான தமிழ்?

‘பொலியூஷன் பிரிவென்ஷன்’ என்ற தொடரை அறிக்கைகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் பெரும்பாலும் ‘மாசுத் தடுப்பு’ என்று பெயர்க்கிறார்கள். கிழக்கிலங்கையின் சம்மாந்துறையில் நெல் அவிக்கும் ஆலை நடத்துபவரோ காத்தான்குடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவரோ இதைக் கேட்டால் மனதில் எழுவது ஒரு குழிதான். வடிகான் முடியும் இடத்தில் தோண்டி, சீமெந்து பூசி, மூடி போட வேண்டிய குழி. கூடவே அதற்கான செலவும். அவர் சொல்லைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார், ஏனென்றால் ‘தடு’ என்ற வினை அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. மூலத்தொடர் காட்டும் இடம் வேறு.

‘பிரிவென்ஷன்’ இலத்தீன் வழி வந்தது. ‘பிரே’ என்றால் முன், ‘வெனிரே’ என்றால் வருதல். ஒன்று வருவதற்கு முன் நாம் அங்கே போய் நிற்பது என்பதே அடிப்படைப் பொருள். ‘பொலியூஷன்’ அழுக்காக்குதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. இரண்டும் சேர்ந்து தொழில்துறைத் தொடராகப் பரவியது கடந்த அரை நூற்றாண்டில்தான். அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனம் 1975 இல், மாசு பிறக்காமல் பார்த்துக்கொண்டால் பணம் மிஞ்சும் என்ற பொருளில் தன் திட்டத்துக்குப் பெயர் வைத்தது. 1990 இல் அந்நாட்டில் இதே பெயரில் சட்டமே வந்தது. இரண்டும் சொன்னது ஒன்றுதான்: கழிவு பிறந்த பிறகு சுத்திகரிப்பது பிந்திய வழி, பிறக்காமல் செய்வது முதல் வழி.

தமிழில் ‘மாசு’ பழஞ்சொல். புள்ளி, கறை, தூசு, குற்றம் என எல்லாம் அதற்குள் அடங்கும். ‘மனத்துக்கண் மாசிலன்’ என்று குறள் 34 சொல்லும் மாசு மனத்தில் படிந்தது. இன்று நாம் சொல்வது வாவியில் படிவது. பொருள் விரிந்ததே தவிர மாறவில்லை. சிக்கல் எங்கள் பாடநூல்களில் வரும் ‘சூழல் மாசடைதல்’ என்ற தொடரில் இருக்கிறது. ‘அடைதல்’ தன்வினை. சூழல் தானாக மாசடைந்ததுபோல் ஒலிக்கும், மாசாக்கியவர் வாக்கியத்தில் இருக்கவே மாட்டார். ஒரு தொழிலைப் பற்றிப் பேசும்போது ‘மாசாக்கல்’ என்பதே நேர்மையான சொல்.

இனி ‘தடு’. தடுப்பணை, தடுப்புச்சுவர், தடுப்புக்காவல் என்று எதை எடுத்தாலும், ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் ஒன்றின் எதிரே போய் நிற்பதுதான். ‘தடுப்பூசி உண்டே, அது வருமுன் போடுவதுதானே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதுவும் கிருமியை இல்லாமல் ஆக்குவதில்லை, வரும் கிருமிக்கு எதிராக உடலை நிறுத்தி வைக்கிறது. ‘தவிர்’ அப்படியல்ல. கிளினிக்கில் நீரிழிவுக்காரரிடம் ‘சீனியைத் தவிருங்கள்’ என்கிறார்களே ஒழிய ‘சீனியைத் தடுங்கள்’ என்பதில்லை. வாய்க்குள் போகவே விடாதே என்பது தவிர்த்தல். ஆகவே மாசு தவிர்ப்பு. விளக்கமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வருமுன் காத்தல்’ பொருந்தும். ‘வருமுன்னர்க் காவாதான்’ என்று குறள் 435 இல் இருப்பதும் ‘பிரே, வெனிரே’ இரண்டும் சேர்ந்து சொல்வதும் ஏறக்குறைய ஒன்றே.

சொல் மாறினால் வேலை எப்படி மாறும் என்பதற்கு நெல் அவிப்பை எடுத்துக்கொள்வோம். 14 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை ஊறவைத்து 30 சதவீதத்துக்குக் கொண்டுவர, நெல் உறிஞ்சுவது சுமார் 230 லீற்றர் தண்ணீர்தான். தொட்டியில் விடுவதோ 1,200 லீற்றர் அளவில் இருக்கும். மீதி 970 லீற்றரும் வெளியே போகிறது. குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறும்போது நெல்லிலிருந்து கரையும் சர்க்கரையையும் புரதத்தையும் நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கின்றன. அக்கம்பக்கத்தார் முறையிடும் நாற்றம் அதுதான். நாற்றத்தைக் குறைக்க நடுவில் தண்ணீரை மாற்றுபவர்கள் உண்டு. அதனால் கழிவுநீர் இரட்டிப்பாகிறதே தவிர வேறில்லை.

தடுப்பு வழியில் நினைப்பவர் இந்தத் தண்ணீருக்குக் குழி கட்டுவார். தவிர்ப்பு வழியில் நினைப்பவர் முதலில் நெல்லைப் பார்ப்பார். தூசு, சாவி (மணி பிடிக்காத நெல்), வைக்கோல் துண்டு எல்லாவற்றையும் உலர்ந்த நிலையிலேயே சலித்து எடுத்துவிட்டால், அவை தொட்டியில் ஊறி நீரைக் கெடுக்காது. அடுத்து வெந்நீர் ஊறல். சுமார் 70 பாகை செல்சியஸில் ஐந்து ஆறு மணித்தியாலத்தில் வேலை முடிவதால் புளிக்க நேரம் இல்லை. இதில் இரண்டு தவறுகள் நேர்வதுண்டு. சூடு 75 ஐத் தாண்டினால் உமி வெடித்து மாப்பொருள் நீரில் கரையும். தொட்டியின் மேலே சூடும் அடியில் குளிரும் இருந்தால் அரிசி சமமாக வேகாது, வெள்ளை வயிறு (அரிசியின் நடுவில் வெண்புள்ளி) விழும். அடிநீரை எடுத்து மேலே விடும் சிறிய பம்பு இருந்தால் இந்த இரண்டாவது தவறு தீரும். ஊறல் நீரை மறுபடி மறுபடி பாவிப்பது சிக்கனம்போலத் தெரியும், ஆனால் அரிசிக்கு நிறமும் மணமும் ஏறி விலை இறங்கும். எதையும் வெளியே விடாதே என்று சொல்வது மட்டும் மாசு தவிர்ப்பு ஆகாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

உமியும் அப்படித்தான். 1,000 கிலோ நெல்லுக்குச் சுமார் 200 கிலோ உமி, அதை எரித்தால் 40 கிலோ அளவில் சாம்பல். சாம்பல் கறுப்பாக இருந்தால் அதில் எரியாத கரி இருக்கிறது, அதாவது காசு கொடுக்காமல் கிடைத்த எரிபொருள் பாதியில் வீணாகிறது. நனைந்த உமியும் காற்றுப் போதாத அடுப்புமே பெரும்பாலும் காரணம். சாம்பல் நிறம் வெளுக்க வெளுக்கப் புகையும் குறையும். பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணிக்கும் நல்லது.

சாப்பாட்டுக்கடை விடயம் சுருக்கமானது, கணக்கு மட்டும் பெரியது. உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இலங்கையின் 2008 வர்த்தமானி நியமம் வரையறுத்தது. ஒரு லீற்றர் சமையல் எண்ணெய் சுமார் 900 கிராம். அதை அந்த அளவுக்கு ஐதாக்க 90,000 லீற்றர் தண்ணீர் வேண்டும், 10,000 லீற்றர் பவுசரில் ஒன்பது தடவை. கிரீஸ் ட்ரப் (கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிரித்துப் பிடிக்கும் தொட்டி) வைத்துவிட்டோம் என்று இருப்பவர்களுக்கு: மிதக்கும் கொழுப்பும் அடியில் தங்கும் மண்டியும் சேர்ந்து ஆழத்தில் கால்வாசியை எட்டியதும் அள்ளாவிட்டால் அது வெறும் தொட்டிதான். கொதிநீரும் அளவுக்கு மிஞ்சிய சவர்க்காரமும் கொழுப்பைக் கரைத்து அப்படியே கடத்திவிடும். தட்டையும் சட்டியையும் கழுவுமுன் கடதாசியாலோ கரண்டியாலோ வழித்துவிடுவதும், பொரித்த எண்ணெயைத் தகரத்தில் சேர்ப்பதும்தான் தவிர்ப்பு. செலவு ஒரு தகரம்.

மருதமுனைக் கைத்தறிச் சாயத்திலும் இதே முறை. சாயத்தை எடை பார்த்துப் போடுவது, வெளிர் நிறத்தை முதலிலும் கடும் நிறத்தைப் பிறகும் தோய்ப்பது, நூலுக்கு ஏற்ற அளவே தண்ணீர் எடுப்பது.

மட்டக்களப்பில் இந்தச் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும் வறண்ட மாதங்களில் உள்ளே வந்தது வெளியே போவதில்லை. மாரியில் வெட்டித் திறக்கும்வரை எல்லாம் அங்கேயேதான்.

‘கழிவு’ என்ற சொல்லையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். எங்கள் கடைத்தெருவில் ‘விலைக்கழிவு’ என்றால் குறைத்துக் கொடுப்பது. கணக்கில் கழித்தல். ஆலைக் கழிவும் அப்படியே, காசு கொடுத்து வாங்கியதில் கழிந்துபோன பங்கு. பிரதேச சபையோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையோ ஒரு முதலாளியிடம் பேசப் போகும்போது, சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் நிபந்தனைகளோடு தொடங்குவதைவிட இந்தக் கணக்கோடு தொடங்குவது நல்லது. உரிமம் அவசியம்தான், ஆனால் அது சொல்வது குழாயின் முனையில் என்ன இருக்கக்கூடாது என்பதை. தொட்டிக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை முதலாளிதான் தீர்மானிக்கிறார்.

பயன்பாட்டில் கவனிக்க: பிறந்த மாசை நீக்கினால் ‘மாசகற்றல்’. அளவுக்குள் வைத்தால் ‘மாசுக் கட்டுப்பாடு’. பிறக்காமல் செய்தால் மட்டுமே ‘மாசு தவிர்ப்பு’. ‘மாசற்ற தொழில்’ என்று பெயர்ப்பலகையில் போடுவது பொய், அடுப்பு எரியும் இடத்தில் அப்படி ஒன்று கிடையாது. எழுதும்போது ‘மாசுத் தவிர்ப்பு’ என்று ஒற்று மிகுத்தும் எழுதுகிறார்கள். மாசைத் தவிர்த்தல் என்பதில் ‘ஐ’ மறைந்து நிற்கிறது, இரண்டாம் வேற்றுமைத் தொகையில் பொதுவாக வல்லினம் மிகாது. ஆகவே ஒற்று இல்லாமலே எழுதலாம்.