பாலைவனத்து ஆமைதானே என்று மொட்டை மாடியில் விடாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் பத்து வயது மகனும் வந்தார்கள். கையில் துணிக்கடைக் கட்டைப்பை. உள்ளே ஈரத்துண்டு, துண்டுக்குள் ஐஸ் கட்டிகள், அவற்றுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு சல்காட்டா ஆமை. வாயோரம் நுரை. முன்னங்கால் இரண்டும் எச்சிலில் நனைந்து பளபளத்தன. கழுத்து தொங்கிவிட்டது.

"காலையில நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். வெயில் பட்டா நல்லதுன்னாங்க, மாடியில புதுசா கூண்டு கட்டி விட்டோம்" என்றார் அப்பா. பையன் ஒன்றும் பேசவில்லை. பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது. முதல் இரண்டும் என் மேசைக்கு வந்தபோதே உயிர் இல்லை. இது பிழைத்தது. ஐஸை எடுத்துப் போட்டுவிட்டு, அகலத் தட்டில் குடத்துத் தண்ணீரை ஊற்றி அதில் வைத்து, மெல்ல மெல்லச் சூட்டை இறக்கினோம். (அந்த நேரத்தில் குழாயைத் திறந்தால் மேல்தொட்டியில் கொதித்த தண்ணீர்தான் வரும், அதில் வைத்தால் கதை முடிந்தது.) பிறகு தோலுக்கடியில் திரவம் ஏற்றினோம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து என்னை முறைத்தது. முறைத்தால் நல்லது.

அந்த அப்பா கேட்ட கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. "பாலைவனத்துப் பிராணிதானே டாக்டர், வெயில் தாங்காதா?"

தாங்காது. ராமநாதபுரத்துக்காரர் என்பதற்காக ஒருவர் மதியம் இரண்டு மணிக்குத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நிற்பாரா? சல்காட்டாவின் ஊர் ஆப்பிரிக்காவில், சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரம். அங்கே வெயில் கொளுத்துவது உண்மைதான். ஆனால் அந்த வெயிலில் ஆமை இருப்பதில்லை. ஆளே நுழையும் அளவுக்கு வளை தோண்டி, உச்சி வேளை முழுக்க அதற்குள் கிடக்கும். வளைக்குள் மண் குளிர்ச்சியாகவும் ஈரப்பதத்தோடும் இருக்கும். காலையிலும் சாயங்காலமும் வெளியே வந்து மேயும். நாம் என்ன செய்கிறோம்? வளையைக் கொடுக்காமல் வெயிலை மட்டும் கொடுக்கிறோம்.

அதற்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் குறைக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி, நிழலுக்கு நகர்ந்துவிடுவது. நகர நிழலே இல்லை என்றால் கடைசி முயற்சியாக வாயில் நுரையைப் பெருக்கி முன்னங்காலில் பூசிக்கொள்ளும். நீங்கள் நுரையைப் பார்க்கும்போது அது ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கிறது. ஓடு காப்பாற்றும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓடு குடை இல்லை, சட்டி. வெயிலில் வைத்தால் சூடேறும், சீக்கிரம் ஆறாது. உள்ளே இருப்பது முதுகெலும்பும் விலா எலும்பும் நுரையீரலும். அதுவும் நம் மொட்டை மாடித் தளம்! 40 டிகிரி நாளில் தரை 50-ஐத் தாண்டும். வடாம் காயப்போடும் இடத்தில் ஒரு உயிரை விடுகிறோம். கவிழ்ந்துவிட்டால் அரை மணி நேரம்கூட வேண்டாம்.

சரி, அப்படியென்றால் வெயிலே வேண்டாமா? வேண்டும். காலை ஏழிலிருந்து ஒன்பதரைக்குள் நேர் வெயில் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து ஒட்டாது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது. வெயிலா நிழலா என்று முடிவு செய்ய வேண்டியது ஆமை. இரண்டையும் வைத்துக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

கூண்டுக்குப் போகும் முன் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். நட்சத்திர ஆமை வாங்கினால் இரண்டும் ஒன்றாகவே வரும். கருப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்குமே, அதுதான். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 'ராசியான ஆமை' என்று கொடுத்தார்கள் என்ற விளக்கம் எங்கும் எடுபடாது. சல்காட்டா மாதிரி வெளிநாட்டு ஆமைகளுக்கு, 2024-ல் வந்த விதிப்படி, அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவர் காகிதம் எதுவும் தரவில்லை என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அப்புறம், உள்ளங்கை அளவில் இருக்கிறதே என்று மயங்காதீர்கள். சல்காட்டா இரண்டரை அடி வரை வளரும், ஐம்பது கிலோவைத் தாண்டும், உங்கள் பையன் தாத்தா ஆன பிறகும் உயிரோடு இருக்கலாம். தரையில் மண் இல்லாத ஃபிளாட்டுக்காரர்கள் தயவுசெய்து இதை வாங்காதீர்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

மண் இருக்கிறதா? நல்லது. சின்ன ஆமைக்கே எட்டுக்கு ஆறடி வேண்டும். சுவர் இரண்டு அடி உயரம், அதே சுவர் மண்ணுக்குள் ஒரு அடியாவது இறங்க வேண்டும், இல்லையென்றால் அடியில் தோண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கம்பி வலையால் சுவர் வைக்காதீர்கள். வெளியே தெரிந்தால் போக முடியும் என்று நினைத்து மூக்கு புண்ணாகும் வரை முட்டும். செங்கல் அல்லது பலகை போதும். மேலே மட்டும் வலை போடுங்கள்: காக்கை, பூனை, பெருச்சாளி மூன்றும் ஆமைக் குட்டியை விடாது. பெருச்சாளி கடித்துக் கால் விரல்கள் போன ஆமைக்குத் தையல் போட்டிருக்கிறேன்.

பாதி இடத்துக்கு நிழல். தகர ஷீட் வேண்டாம், அது அடுப்பு. தென்னங்கீற்றுப் பந்தல் போல ஒன்று இந்த ஊருக்கு இல்லை. அதன் அடியில் பெரிய மண் தொட்டி ஒன்றைப் படுக்க வைத்து, பாதி மண்ணில் புதைத்துவிடுங்கள். வளை தயார். உள்ளே செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து போட்டு, கோடையில் தினமும் காலையில் தண்ணீர் தெளியுங்கள். கட்டட வேலைக்கு வாங்கிய மணலைக் கொட்டாதீர்கள். தீனியோடு தின்று குடல் அடைத்துக்கொள்ளும். குடிக்கப் பூந்தொட்டித் தட்டு போதும், ஆமையின் தாடையைத் தாண்டி ஆழம் வேண்டாம். தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது. போன வருடம் ஒருவர் வளர்க்க முடியவில்லை என்று புண்ணியத்துக்காகக் கோயில் குளத்தில் விட்டுவிட்டு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார். என்ன பதில் சொல்வது?

ஐப்பசி, கார்த்திகையில் கதை மாறும். அப்போது எமன் ஈரம். படுக்கும் இடம் தரையைவிட அரையடி உயரமாக இருக்கட்டும். அடைமழை நாட்களில் உள்ளே அட்டைப்பெட்டியில் வையுங்கள். மூக்கில் குமிழி விட்டால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், அன்றைக்கே வர வேண்டும். ஆமைக்கு உதரவிதானம் (நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசை) கிடையாது, நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது.

புதிதாக வந்த ஆமை முதல் சில நாள் சாப்பிடாமல் தொட்டிக்குள்ளேயே கிடக்கும். கிடக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவது, தூக்கி வீடியோ எடுப்பது எல்லாம் பிறகு. தினமும் காலையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் நிறுத்தி எடுத்துத் திரும்ப விடுங்கள், அது போதும். தீனிக்குப் பிள்ளையாருக்கு வாங்குகிற அருகம்புல்லையே கழுவிப் போடலாம். செம்பருத்தி இலையும் பூவும், கொஞ்சம் முருங்கைக்கீரை. தயிர்சாதம், பிஸ்கட், வாழைப்பழம், நாய்த் தீனி எதுவும் கூடாது. அரளிச் செடி கூண்டுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் இன்றைக்கே வெட்டுங்கள். கொசு மருந்துப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் உள்ளே தூக்கி வாருங்கள்.

ஓட்டில் எண்ணெய் தடவாதீர்கள். மஞ்சள் குங்குமம் வைக்காதீர்கள். கயிறு கட்ட ஓட்டில் துளை போட்டுக் கொண்டுவருகிறவர்களிடம் நான் மரியாதையாகப் பேசுவதில்லை. அது எலும்பு, வலிக்கும். இன்னொன்று: வீட்டு நாய்க்கு உண்ணிக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். பூச்சி மருந்து கொடுக்கலாமே என்று நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். ஆமை பார்த்துப் பழக்கமில்லாத மருத்துவரிடம் போனால் இதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், எங்கள் ஆட்கள் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மோனெல்லா கிருமி ஆமையிடம் சாதாரணமாகவே இருக்கும், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் தொடாமல் இருப்பதே நல்லது.

மடிப்பாக்கத்துப் பையன் நேற்று அப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டான். கூண்டு மாடியிலிருந்து கீழே, மாமரத்தடிக்கு வந்துவிட்டதாம். "டாக்டர், ரெண்டு நாளா தொட்டிக்குள்ளயே இருக்கு. வெளிய எடுத்து வெயில்ல வைக்கவா?"

"வேண்டாம்பா. காலையில ஏழு மணிக்குத் தட்டுல தண்ணி ஊத்தி வச்சுட்டுத் தள்ளி உட்காரு."

இன்று காலை ஏழே காலுக்கு ஒரு போட்டோ வந்தது. தட்டுக்குப் பக்கத்தில் பாதி கடித்த செம்பருத்தி.