அந்தப் பத்து மீட்டர் எங்கே போச்சு?

நேற்று ராத்திரி பிளஸ் ஒன் விடைத்தாள் கட்டில் பதினேழாவது பேப்பர். மறுபடியும் 50 மீட்டர். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கணக்கு இதுதான். சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் விஜயமங்கலம் பக்கம் ஒரு பஸ் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. குறுக்கே ஒரு எருமை. டிரைவர் அதைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்க 1 விநாடி ஆகிறது. மிதித்த பிறகு விநாடிக்கு 5 மீட்டர்/விநாடி வீதம் வேகம் சீராகக் குறைகிறது. எருமையைப் பார்த்ததிலிருந்து நிற்கும் வரை பஸ் ஓடிய தூரம் என்ன?

72 என்பது விநாடிக்கு 20 மீட்டர். பிரேக் பிடித்து நிற்க 4 விநாடி. இதுவரை எல்லோரும் சரி. அப்புறம்தான் வினை: மொத்தம் 5 விநாடி, தொடக்கம் 20, முடிவு 0, சராசரி 10, ஆகவே 50.

"ஏனுங்க சார், யூ பிளஸ் வி பை டூ நீங்க குடுத்த ஃபார்முலாதானுங்களே?"

தொடக்க வேகத்தையும் (யூ) முடிவு வேகத்தையும் (வி) கூட்டிப் பாதியாக்குகிற அந்த ஃபார்முலா நான் கொடுத்ததுதான் கண்ணு. முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், மாறாத துண்டுக்கு மட்டும் கொடுத்தேன். முதல் விநாடியில் டிரைவரின் கால் பிரேக்குக்கே போகவில்லை. பஸ் அதே 20இல் ஓடுகிறது. அது 20 மீட்டர். அடுத்த 4 விநாடிக்குத்தான் சராசரி 10, அது 40. ஆகமொத்தம் 60. எருமை 55 மீட்டரில் நின்றிருந்தால் உங்கள் விடைத்தாளில் பிழைத்துக்கொள்ளும், ரோட்டில் பிழைக்காது.

திசைவேகம்–காலம் வரைபடம் போடச் சொன்னால் "மார்க் இல்லீங்களே சார்" என்கிறார்கள். போட்டிருந்தால் முதல் விநாடிக்குக் கோடு படுத்துக் கிடப்பதும், பிறகு சரிவதும் கண்ணில் பட்டிருக்கும். கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் ஓடிய தூரம்: ஒரு செவ்வகம், ஒரு முக்கோணம். நீங்கள் செவ்வகத்தின் தலையையும் சீவி, எல்லாவற்றையும் ஒரே முக்கோணமாக்கிவிட்டீர்கள். தொலைந்த 10 மீட்டர் அங்கேதான் கிடக்கிறது. இந்தச் சராசரி விதி 14ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்போர்டில் தெரிந்த சங்கதி. 1638இல் அச்சேறிய தன் நூலில் கலிலியோவும் இதைச் சொன்னார். அவர்களும் சீரான முடுக்கத்துக்குத்தான் சொன்னார்கள். 'ஷார்ட்கட்' நோட்டு விற்கிறவர்கள்தான் எல்லாவற்றுக்கும் பூசுகிறார்கள்.

கேள்வியில் "பிறகு", "அதே வேகத்தில்", "பிரேக் போட்டதும்" என்று வந்தால் அங்கேயே பென்சிலால் ஒரு கோடு கிழியுங்கள். ஒரு துண்டு முடியும்போது இருக்கும் வேகம்தான் அடுத்த துண்டின் தொடக்க வேகம். வேகம் குறைந்தால் முடுக்கத்துக்கு மைனஸ். இதை இன்னும் எத்தனை தடவை சொல்ல? அப்பா அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள்: இன்னொரு கைடு வாங்கித் தராதீங்க, ஒரு வரைபடத்தாள் நோட்டு போதும்.

இதே பஸ் மணிக்கு 36 கிலோமீட்டரில் வந்திருந்தால், எருமையைப் பார்த்ததிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கும்? விடை 20 மீட்டர். பாதி வேகம், ஆகவே 30 என்று எழுதுகிறவர்கள் திங்கட்கிழமை பேப்பரோடு ஸ்டாஃப் ரூமுக்கு வாங்க.